புலிப்பொடவுக்கு வெள்ளையடித்தவர்

மிளாக்கோட்டுக்குப் போக வேண்டும் என்று இப்போதும் யாராவது என் ஜீப்பில் ஏறுகிறார்கள். ஒரு பெண் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் போனில் காட்டி, "சேட்டா, இந்த இடத்துக்குப் போகணும்" என்பார்கள். அந்த இடம் இப்போது இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். டிரைவர் வாடகையை ஏற்றப் பார்க்கிறான் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எறங்குங்கடே" என்று சொல்லி வண்டியைத் திருப்பியதும் உண்டு. அதனால் ஒரே தடவையாகச் சொல்லித் தொலைக்கிறேன். இது செல்வதாஸ் அண்ணனின் கதை. நான் அனில்குமார். அவர் வீட்டுக்கு இரண்டு வளைவு கீழே என் வீடு.

மிளாக்கோடு ஓர் ஏலா. இரண்டு மலைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முன்பு அதில் நெல் இருந்தது, பிறகு வாழை வந்தது, இப்போது முழுக்க ரப்பர். மேற்கு மலையின் முதுகில் கேரள எல்லை ஓடுகிறது. அங்கே பெய்கிற மழையில் அந்தப் பக்கம் சரிவது நெய்யாற்றுக்குப் போகும். இந்தப் பக்கம் சரிவது எங்கள் ஓடையில் இறங்கிக் குழித்துறை ஆற்றுக்குப் போகும். வைகாசி பாதியில் தொடங்குகிற எடவப்பாதி மழையும் எங்களுக்கு உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் பாதி நாள் கொடியில் போட்ட துணி காயாது. எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று எவனும் தேடிப் பார்த்ததில்லை. பெண் எடுத்ததும் கொடுத்ததும் அந்தப் பக்கம்தான். என் மனைவியே அந்தப் பக்கத்துக்காரிதான், சண்டை வந்தால் மலையாளத்தில்தான் திட்டுவாள்.

மேற்கு மலையில் பாதி உயரத்தில் புலிப்பொடவு இருந்தது. பொடவு என்றால் குகை. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெரும்பாறை முன்னால் கவிந்து நிற்கும், அதன் அடியில் சின்னக் கல்யாணப் பந்தல் அளவுக்கு இடம் இருக்கும். எவ்வளவு மழை அடித்தாலும் உள்ளே ஒரு துளி விழாது. புலியை எங்கள் காலத்தில் யாரும் கண்டதில்லை. தேன் எடுக்கப் போகிறவர்களும் விறகுக்குப் போகிறவர்களும் மழைக்கு ஒதுங்குவார்கள். உள்சுவர் முழுக்க அடுப்புப் புகை. அதற்கு மேலும் கீழுமாகச் சிவப்புச் சிவப்பாகத் தீற்றல்கள். தேனெடுக்க வந்தவர்கள் வெற்றிலை போட்டுத் துப்பியது என்று சொல்வார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியை முதலில் சொன்னது யார் என்று எவன் கேட்கப் போகிறான்?

செல்வதாஸ் அண்ணன் அந்த ஏலாவிலேயே பிறந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டார். சவுதியில் தமாமுக்குச் சாரம் கட்டுகிற வேலைக்குப் போனார். எண்ணெய்க் கம்பெனிகளின் உயரமான தொட்டிகளைச் சுற்றிக் குழாய் கட்டி, அதன் மேல் ஆட்கள் நின்று வேலை செய்கிற மாதிரி ஆக்குகிற வேலை. கயிறும் கொக்கியும் ஹெல்மெட்டும் அங்கே பழகியது. திரும்பி வந்து, புலிப்பொடவுக்கு நேர் கீழே ரப்பர் நிலம் வாங்கி மாடி வீடு கட்டினார், தானே பால் வெட்டினார். மகள் பெமிலாவைக் கருங்கல் என்கிற ஊரில் ஒரு பாத்திரக்கடைக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்.

அவரைப் பற்றி ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். அழுக்கைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. வேலைக்குப் போகும்போது ஒரு குளி, வந்தால் ஒரு குளி. ரப்பர் வெட்டுகிறவன் சட்டையைப் பார்த்தால் தெரியும், பாலும் கறையுமாக விறைத்து நிற்கும். அவர் சட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற சட்டை மாதிரி இருக்கும். என் ஜீப்பில் ஏறினால் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். "ஏலே, இது வண்டியா, கோழிக்கூடா?" என்பார். எனக்கு எரியும். ஆனால் அவர் இறங்கிப் போன பிறகு நானும் ஒரு தடவை துடைப்பேன்.

ரப்பர் விலை விழுந்தது. பால் வெட்டக் கூலி கொடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை என்று ஆன காலத்தில்தான் பாறை ஏறுகிற பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, ஒன்றிரண்டு வெள்ளைக்காரர்கள்கூட வந்தார்கள். முதுகில் ஆளுக்கொரு மெத்தை. விழுந்தால் அடிபடாமல் இருக்க அதைக் கீழே விரித்துக்கொண்டு ஏறுவார்களாம். முதல் நாள் அந்தக் கூட்டம் மேலே போவதைப் பார்த்துச் செல்லபாய் மைனி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். மைனி என்றால் அண்ணன் மனைவி.

"அனிலு, இதுக யாரு? வீட்ட விட்டு அடிச்சுத் தொரத்தினதுகளா, படுக்கையும் தூக்கிட்டு வருதுக?"

"இல்ல மைனி, மலை ஏற வந்த பிள்ளைய."

"மலை ஏற மெத்தை என்னத்துக்கு?"

எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் அவர்களுக்குக் கயிறு கட்டிக் கொடுக்கிற ஆளாகிவிட்டார். ஹெல்மெட் போடாமல் ஏறினால் கெட்ட வார்த்தைதான். சிப்ஸ் கவரைப் போட்டால் அதற்கும் கெட்ட வார்த்தை. மைனி மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைப்பாள், நான் ஜீப்பில் ஆளை ஏற்றுவேன், இறக்குவேன். சனி ஞாயிறு என்றால் எங்கள் ஓடைக்கரை திருவிழாதான். அஞ்சு என்று ஒரு திருவனந்தபுரத்துப் பெண், தொடர்ந்து வருவாள், அவளுக்குப் பயமே கிடையாது. அவள் புலிப்பொடவின் உள்சுவரில் ஏறும்போது அண்ணன் கீழே மெத்தையை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு, "மக்களே பாத்து, மக்களே பாத்து" என்று கத்துவார். அவள் இறங்கியதும் அவருக்குத்தான் சாயா வேண்டும். இவ்வளவுதான் எங்கள் நல்ல காலம். அதிக நாள் இல்லை.

ஒரு நாள் அளவெடுக்கிறவர்கள் வந்தார்கள். பாறையில் நீலச் சாயத்தில் எண்கள் எழுதிவிட்டுப் போனார்கள். கிழக்கு மலையைக் குவாரி ஏற்கெனவே பாதி தின்றுவிட்டது. அந்தக் கல்லெல்லாம் லாரியில் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது மேற்கு மலைக்கு முறை வந்திருக்கிறது. பாறை புறம்போக்கு, சர்க்கார் குத்தகைக்குக் கொடுக்கிறது, குவாரிக்காரர் எடுக்கிறார். கேட்டால் எல்லாம் சட்டப்படி.

புலிப்பொடவு போனால் செல்வதாஸ் அண்ணனுக்கு என்ன மிஞ்சும்? வெடி வைத்தால் கல் விழுகிற இடத்தில் அவர் வீடு. ஏறுவதற்குப் பாறை இல்லாவிட்டால் பிள்ளைகள் வர மாட்டார்கள். ரப்பரில் சோறு கிடைக்காது. ஏலாவில் ஒவ்வொரு வீடாக விற்றுவிட்டுக் கீழே இறங்கியது. மைனியும் சொல்லிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, பெமிலா கூப்பிடுதா. கருங்கல்லுக்குப் போயிருவோம்."

"ஏட்டி, அரபி நாட்டு வெயில்ல கெடந்து கட்டின வீடாக்கும் இது. நீ வேணும்னா போ. எனக்க சவத்த இங்கேருந்து எடுத்தா போதும்."

கலெக்டர் ஆபீசில் மனு நாளன்று நாங்கள் இருவரும் வரிசையில் நின்றோம். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். வீட்டுக்கும் பாறைக்கும் விதிப்படி வேண்டிய தூரம் இருக்கிறது என்றார். "பக்கத்துல கோயில், சர்ச், பழைய சின்னம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப நான் என்ன செய்ய?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது அண்ணன் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அருமனை தாண்டியதும் திடீரென்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"ஏலே, சர்ச்சு இருந்தா விடுவானாம், கேட்டியா?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு பாறையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், சாமியைக் கூப்பிடுவது. ஒரு குருசை, அதாவது சிலுவையை, நட்டால் அது குருசடி. ஒரு சூலத்தை நட்டால் அது கோயில். பிறகு எவனாவது கை வைக்கட்டும், பார்க்கலாம். எல்லை ஓரத்து மலைகளில் பாதிக்கு உச்சியில் ஒன்று நிற்கிறது.

"அண்ணே, உங்களுக்குப் பிராந்து பிடிச்சிருக்கா? நீங்க குருசு வச்சா மறுநாள் எங்க ஆளுக கொடியோட வருவான். பெறவு போலீசு வரும்."

"நீ உண்டுல்லா, பேசி நிப்பாட்டு."

"நானா? எங்க வீட்டுல அய்யாவழி. கண்ணாடிக்கு முன்னால நின்னு கும்புடுத கூட்டம். எனக்க பேச்ச எவன் கேப்பான்?"

அவருடைய சபைப் போதகரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். காட்டில் கட்டுகிற சர்ச்சு எதற்கு, தம்பி, யார் வந்து ஆராதனை நடத்துவது என்று கேட்டாராம். அண்ணன் கட்டடம் வேண்டாம், பாறையிலேயே ஒரு குருசு, பைபிளில் கன்மலையைப் பற்றி வருகிற ஒரு வசனம், அது போதும் என்று தானே முடிவு செய்துகொண்டார். ஒன்றை நினைத்துவிட்டால் அவரைப் பிடித்து நிறுத்த யாராலும் ஆகாது. மைனியாலேயே ஆகவில்லை.

நான் அந்தச் சனிக்கிழமை மணவாளக்குறிச்சிக்கு ஒரு சவாரி போயிருந்தேன். திரும்பி வந்து கடைசி வளைவில் ஏறும்போது மலையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஏறினேன். புலிப்பொடவின் உள்சுவர் பளீரென்று சுண்ணாம்பு அடித்து நின்றது. நடுவில் சிவப்பில் ஒரு குருசு, கீழே நீலத்தில் வசனம். அண்ணன் தலைமுதல் கால்வரை சுண்ணாம்பும் வியர்வையுமாக நின்றுகொண்டிருந்தார். அவர் அப்படி அழுக்காக நின்று நான் பார்த்ததே இல்லை. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"கொள்ளாமா?"

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு என்ன ஆவும்னு பாப்போம்."

"சுண்ணாம்பு அடிக்கதுக்கு முன்னால சொவர ஒரு பிடி பிடிச்சேன் பாத்துக்க. ஷீட்டுக்கு ஊத்துத ஆசிட்டு ரெண்டு கேன் கொண்டுவந்து, கம்பி பிரஷ் வச்சு தேச்சு, வெள்ளம் ஊத்திக் கழுவி. கரி, துப்பல் ஒண்ணு இல்லாம எடுத்தாச்சு. துப்பின எடத்துல தேவ வசனம் எழுதப்பிடாதில்லியா?"

ரப்பர்ப் பாலை உறைய வைத்து ஷீட்டாக்குகிற ஆசிட் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும். கழிப்பறைக் கறைக்கும் அதுதான், தரைக் கறைக்கும் அதுதான். எனக்கு அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. குருசைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

நான் சொன்னபடியே ஆயிற்று. அடுத்த வாரமே காவிக்கொடி வந்தது. பாறைக்கு முன்னால் ஒரு சூலமும் ஒரு கல்லும் வந்தன, கல்லுக்கு மஞ்சள் பூசி விளக்கு வைத்தார்கள். பூர்வீகக் கோயிலாம்! அங்கே கோயில் இருந்ததாக எங்கள் வீட்டில் எவனும் சொல்லி நான் கேட்டதில்லை. உடனே இந்தப் பக்கம் கருங்கல்லிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வேன் வேனாக ஜெபக்கூட்டம் வந்தது. ஜென்மத்தில் அந்த மலையில் கால் வைக்காதவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் ஏறிய அன்று கல்லெறி. ஒருவனுக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்து பாதையை அடைத்தது. பாறை ஏறுகிற பிள்ளைகள் அன்றோடு நின்றார்கள்.

அதிகாரிகள் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். அண்ணனை ஒரு பக்கம் உட்கார வைத்தார்கள், எங்கள் ஆட்களை மறுபக்கம். முடிவு என்ன தெரியுமா? இரண்டும் வேண்டாம். குருசும் வேண்டாம், சூலமும் வேண்டாம். அந்தப் பாறையில் எந்த மதத்து வழிபாட்டுத் தலமும் இல்லை என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள். அண்ணனும் போட்டார். ஆட்கள் வந்து சூலத்தைப் பிடுங்கினார்கள், சுவரிலிருந்த எழுத்தையும் சுண்ணாம்பையும் உளி வைத்துச் சுரண்டினார்கள். குவாரிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேச வேண்டியதை நம் ஆட்களே பேசி முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஷைஜா டீச்சர் வந்தார். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். என் ஜீப்பில்தான் வந்தார். வழி முழுக்கப் பரபரப்பாகவே இருந்தார். செல்வதாஸ் என்பவரைப் பார்க்க வேண்டும், அவருக்குத்தான் அந்தப் பாறை நன்றாகத் தெரியுமாமே என்றார். அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். அஞ்சு புலிப்பொடவில் ஏறுகிற படம். அந்தப் பெண் ஒரு வருடத்துக்கு முன்னால் இணையத்தில் போட்டதைப் பெரிதாக அச்சடித்திருந்தார்.

"இந்தப் பொண்ணைப் பாக்காதீங்க ஐயா. காலுக்குப் பக்கத்துல பாருங்க."

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். புகைக்கறைக்கு நடுவே அந்தச் சிவப்புத் தீற்றல்கள். டீச்சர் ஏதோ செய்து நிறத்தைக் கூட்டியிருந்தார். கூட்டிய பிறகு அவை தீற்றல்கள் இல்லை. ஆட்கள். குச்சி குச்சியாகக் கையும் காலும் வைத்து, கை கோத்து வரிசையாக நிற்கிற ஆட்கள். பக்கத்தில் கொம்புள்ள ஒரு மிருகம், மிளா மான் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

டீச்சர் சொல்லிக்கொண்டே போனார். நெல்லும் ஊரும் வருவதற்கு முன்னால் இந்த ஏலாவில் வேட்டையாடித் தேனெடுத்துத் திரிந்த ஆட்கள், மழைக்காலத்தில் அங்கே ஒதுங்கி, காவிக்கல்லை அரைத்து வரைந்தது. குறைந்தது இரண்டாயிரம் மூவாயிரம் வருடம் இருக்கும். நம் மாவட்டத்தில் இந்த மாதிரி அவர் கண்டதே இல்லை. எடவப்பாதிக்கும் ஐப்பசிக்கும் நனையாத சுவர் என்பதால்தான் இவ்வளவு நாள் நின்றிருக்கிறது.

"இது மட்டும் பதிவாயிட்டா, ஐயா, அந்தப் பாறையை யாரும் தொட முடியாது. மலையையே தொட முடியாது. குவாரி நின்னுடும்."

இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறோம் என்ற சந்தோஷம் அவருக்கு. மைனி உள்ளிருந்து சாயாவோடு வந்தவள், "கர்த்தாவே" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் படத்தின் மேல் விரலை வைத்து, ஏதோ தூசியைத் துடைக்கிற மாதிரி, மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மேல போய் பாத்திருவோம்" என்றார்.

ஏன் போனார் என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. வாசலிலேயே சொல்லியிருக்கலாம். ஒருவேளை ஏதாவது மிச்சமிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. முன்னால் நடந்தார், டீச்சர் வழுக்கினால் கை கொடுத்தார், முள்ளை விலக்கிவிட்டார். புலிப்பொடவுக்கு வந்ததும் ஒதுங்கி நின்றார்.

டீச்சர் சுவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். வேறு சுவராக இருக்குமோ என்று அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு உளி பட்ட இடத்தைக் கையால் தொட்டார். சுண்ணாம்புப் பொடி விரலில் ஒட்டியது.

"யாரு? யாரு செஞ்சது இதை? குவாரிக்காரங்களா?"

"நானாக்கும் டீச்சர்" என்றார் அண்ணன்.

டீச்சர் அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. என்ன வைத்துத் தேய்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஆசிட் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பையிலிருந்து தண்ணீர் அடிக்கிற ஒரு சின்னக் குப்பியை எடுத்து, சுவரில் இடம் இடமாக அடித்துப் பார்த்தார். ஈரம் பட்டால் பழைய நிறம் கொஞ்சம் எழும்புமாம். அண்ணன் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். இடது ஓரத்தில், சுண்ணாம்பு எட்டாத ஒரு மடிப்பில், விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு எழும்பியது. ஒரு கை. கை மட்டும்தான். அது பிடித்துக்கொண்டிருந்த ஆள் இருக்க வேண்டிய இடம் வெறும் கல்.

"டீச்சர், கண்டீங்களா! உண்டு, உண்டு! இது போதாதா?"

"இதை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது ஐயா. இருந்தாலும் எழுதுறேன். படம் இருக்கு. முயற்சி பண்றேன்."

ஈரம் காய்ந்ததும் அந்தக் கோடு மறைந்தது. அண்ணன் குப்பியை வாங்கி மறுபடியும் அடித்தார். காயக் காய அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன்.

டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அலைந்து திரிந்து தொல்லியல் துறைக்காரர்களைக் கூட்டி வந்தார். அவர்கள் பார்த்தார்கள், அளந்தார்கள். அஞ்சுவின் படத்தில் பாதியை அந்தப் பெண்ணின் காலே மறைத்திருக்கிறது, மீதி எந்தப் பாறை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். பார்த்த இடத்தில் பழமையான சின்னம் எதுவும் தற்போது இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் பொய் எழுதவில்லை. குவாரிக்காரருக்கு அதுவரை அந்த ஒரு சான்றுதான் இல்லாமல் இருந்ததாம். வழிபாட்டுத் தலம் இல்லை என்பதற்கு எங்கள் கையெழுத்து இருக்கிறது, பழைய சின்னம் இல்லை என்பதற்குத் துறையின் கையெழுத்து வந்துவிட்டது. இனி யார் தடுக்க?

மழை விட்டதும் வெடி வைத்தார்கள். முதல் வெடியில் அண்ணன் வீட்டுக் கூரையில் விரிசல் விழுந்தது. மைனி அதற்கு முன்பே கருங்கல்லுக்குப் போயிருந்தாள். அவர் மட்டும் கொஞ்ச நாள் அந்த வீட்டில் கிடந்தார். வெடிக்கு முன் சங்கு ஊதும்போது வெளியே வந்து நிற்பார், முடிந்ததும் உள்ளே போவார். புலிப்பொடவு போன அன்று நான் அங்கே இல்லை. ஓடையில் தண்ணீர் சுண்ணாம்பும் கல்பொடியுமாகப் பால் மாதிரி வந்தது, அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் அவரே ஒரு பையோடு என் ஜீப்பில் ஏறி, கருங்கல்லுக்கு விடு என்றார். சீட்டைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.

போன மாதம் சந்தைக்குப் போனபோது அவரைப் போய்ப் பார்த்தேன். மருமகன் கடையின் பின்பக்கம், அண்டா குண்டாக்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சட்டைக் காலரில் அழுக்கு. நாலு நாள் தாடி. "குளிக்கவே மாட்டேங்காரு அனிலு, ஒண்ணு சொல்லு" என்று மைனி என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஊர்க்கதை பேசினேன். எவன் வீடு விற்றான், எவன் மகள் நர்சாகப் போனாள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை.

"ஏலே அனிலு, டீச்சர் காட்டின போட்டோல, அஞ்சுக்க காலுக்குக் கீழ ஒரு சின்ன உருவம் இருந்துது. கண்டியா நீ?"

"எனக்கு ஓர்மை இல்ல அண்ணே."

"வரிசையா கை கோத்து நிக்கான்லா, அதுல கடைசில. பிள்ளையாக்கும். எட்டிப் பிடிச்சிட்டு நிக்கும் பெரிய ஆளுக்க கைய."

"சவத்த விடுங்கண்ணே. சாயா குடிங்க."

"மத்த ஆளுக ஒக்க பெட்டெண்ணு, ஒரே தேய்ப்புல, போச்சுலே. அது மட்டும் போவல்ல. அந்த எடம் எனக்கு நல்ல ஓர்மை உண்டு. ரெண்டு மட்டம் ஆசிட்டு ஊத்தினேன். போவல்ல. எனக்குக் கோவம் வந்துட்டு, கேட்டியா. இது என்ன எளவு கறை, இப்படிப் பிடிச்சிட்டு இருக்குன்னு, முட்டுக்குத்தி உக்காந்து, பிரஷ்ஷ ரெண்டு கையாலயும் பிடிச்சு, அழுத்தி அழுத்தித் தேச்சேன்."

   முன்பக்கம் மருமகன் யாருக்கோ ஒரு குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெறவு போச்சு" என்றார்.